எக்ஸ்ரே நிழலும் யானைக்கால் புழுவும்

காவிரியும் அதன் கிளையாறுகளும் பாய்ந்து வளம் பெருக்கும் தஞ்சைத் தரணியில், யானைக்கால் வியாதி இன்னதென்று அறியாதவர் இலர். கும்பகோணத்தின் பெயரோடு சேர்த்து அந்நோயைப் பேசுவது தமிழகமெங்கும் பழைய வழக்கமாகும். வீங்கிய காலும், ஓதம் என்று நம்மவர் கூறும் விரைவீக்கமும் கண்ணுக்குத் தெரிவன. ஆகவே அவற்றை எல்லோரும் அறிவர். ஆனால் அந்நோயை உண்டாக்கும் அதே புழு, காலில் யாதொரு வீக்கமும் இல்லாத ஒருவருடைய நுரையீரலைத் தாக்கக் கூடும் என்பதையும், வேறு சிலருடைய சிறுநீரைப் பால்போல் வெளுக்கச் செய்யக் கூடும் என்பதையும் அறிந்தவர் மிகச் சிலரே.

இவ்விரண்டும் ஆளை மயக்கும் நோய்கள். நுரையீரலில் உண்டாகும் கோளாறு எக்ஸ்ரே படத்தில் காசநோய் போலவே தோன்றும். சிறுநீர் வெளுப்பதைக் கண்டவர் அதை வெட்டை நோய் என்று எண்ணி, வெட்கத்தால் மறைத்து வைப்பர். முன்னதில் தவறான மருந்து பல மாதங்கள் செல்லும். பின்னதில் எந்த மருந்துமே செல்லாது. இரண்டிலும் உழைக்கும் உடம்பு வீணாகிறது. இவற்றைக் கண்டறிய எக்ஸ்ரே முதலிய கருவிகள் எவ்வளவு உதவும், எந்த இடத்தில் அவற்றை மட்டும் நம்பலாகாது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தெரிந்துகொள்வது நலம் பயக்கும்.

சிறுநீரில் முதலில் தோன்றிய புழு

யானைக்கால் நோயின் காரணம் முதன்முதலில் காலில் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது வியப்பான செய்தியாகும். 1866-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் பாகியா நகரில் ஓட்டோ வூக்கரர் என்னும் மருத்துவர், பால்போன்ற சிறுநீர் கழித்த ஒரு நோயாளியின் சிறுநீரை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, நூலிழையினும் மெல்லிய நுண்புழுக்களைக் கண்டார். 1870-இல் கல்கத்தாவில் திமொதி லூயிஸ் என்பவரும் அத்தகைய சிறுநீரில் அவற்றைக் கண்டார். 1872-இல் மனித இரத்தத்திலும் அவை உலவுவதை அவரே அறிவித்தார். 1876-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோசப் பாங்கிராப்ட் வளர்ந்த புழுவைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டில் சீனாவின் அமோய் நகரில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன், நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் உடலில் இந்நுண்புழு வளர்வதைக் கண்டறிந்தார். வூக்கரர், பாங்கிராப்ட் ஆகிய இருவருடைய பெயர்களையும் சேர்த்தே இப்புழுவுக்கு வூச்செரேரியா பாங்கிராப்டி என்று பெயர் வழங்குகிறது.

வளர்ந்த புழுக்கள் மனித உடலின் நிணநீர்க் குழாய்களில் வாழ்கின்றன. பெண்புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆண்புழு அதில் பாதிக்கும் குறைவு. இவை பல ஆண்டுகள் உயிரோடிருந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈன்று இரத்தத்தில் விடுகின்றன. நம் நாட்டில் அந்நுண்புழுக்கள் இரவிலேயே மேல்தோலை ஒட்டிய இரத்தத்திற்கு மிகுதியாக வருகின்றன. ஆதலால்தான் யானைக்கால் தடுப்பு ஊழியர்கள் இரவு வேளையில் வீடு வீடாக வந்து இரத்தம் எடுப்பது வழக்கமாயிற்று. நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு, தெளிந்த வயல் நீரைவிடச் சாக்கடையிலும், கழிவுநீர்க் குழியிலும், மலத்தொட்டியிலும் தேங்கிய அழுக்கு நீரையே நாடி முட்டையிடுகிறது. ஆகவே நோய்க்குக் காரணம் காவிரி நீரும் நெல் வயலும் அல்ல. வீட்டுப் புறக்கடையில் நாமே தேங்கவிடும் கழிவுநீர்தான்.

எக்ஸ்ரே என்பது யாது?

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மானிய அறிஞர் ரோண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே அவை உலகெங்கும் மருத்துவத்திற்குப் பயன்படலாயின. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிலையம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் பெருநகரங்களில் மட்டுமே இருந்த எக்ஸ்ரே கருவி, இன்று வண்டியிலேற்றிக் கிராமத்திற்கே கொண்டுவரப்படுகிறது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு கருவிகளும் வந்துவிட்டன.

இக்கதிர்கள் உடலை ஊடுருவிச் செல்லும் தன்மை வாய்ந்தவை. எலும்பு அவற்றைப் பெரிதும் தடுக்கிறது. காற்று நிறைந்த நுரையீரல் எளிதில் வழிவிடுகிறது. கதிர் தடையின்றிச் சென்ற இடம் படத்தில் கறுப்பாகவும், தடைப்பட்ட இடம் வெண்மையாகவும் பதிகின்றன. நுரையீரலில் சீழோ, நீரோ, வீங்கிய திசுவோ இருந்தால், கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் வெண்புள்ளி தோன்றும். மருத்துவர் அதையே நிழல் என்று கூறுவர்.

கீற்றுப் பந்தலின் கீழ் நிற்பவன், தரையில் விழும் நிழலைப் பார்த்து, மேலே கீற்று எவ்விடத்தில் அடர்ந்திருக்கிறது, எவ்விடத்தில் விலகியிருக்கிறது என்று கூறிவிடலாம். ஆனால் வேய்ந்திருப்பது தென்னங்கீற்றா, பனையோலையா என்று நிழலை மட்டும் பார்த்துச் சொல்லுதல் எளிதன்று. எக்ஸ்ரே படத்தின் பயனும் குறையும் இத்தகையனவே. நுரையீரலில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். அந்த ஒன்று எது என்பதைப் பல வேளைகளில் சொல்லாது.

மார்பில் விழும் நிழல்

ஒரு விவசாயத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். வயது இருபத்தைந்து. பகலில் ஓரளவு வேலை செய்கிறார். நள்ளிரவுக்கு மேல் வறட்டு இருமல் தொடங்குகிறது, மூச்சு இரைக்கிறது, விடியும்வரை உறக்கமில்லை. உடம்பு சற்றுக் காய்கிறது, எடையும் குறைகிறது. முறைத் தண்ணீர் பாய்ச்ச இருட்டில் எழுந்து செல்லவேண்டியவர் திண்ணையில் உட்கார்ந்து இருமுகிறார். ஊரார் ஈளை என்கின்றனர். சிலர் காசம் என்கின்றனர். எக்ஸ்ரே எடுத்தால், இரு நுரையீரல்களிலும், குறிப்பாக நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும், கேழ்வரகு தூவியதுபோல் சிறு சிறு புள்ளிகள் காணப்படுகின்றன. இரத்தத்தின் வழியே நுரையீரல் முழுதும் பரவிய காசநோயிலும் இவ்வாறே புள்ளிகள் தோன்றும்.

இத்தகைய நோயாளிகளைப் பற்றித் தென்னாட்டிலேயே முதற்குறிப்பு ஒன்று எழுதப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்குப் பணியாற்றிய பிரிமாட் முல்லர், பார்ட்டன் ஆகிய இருவரும், காசநோய் எனக் கருதி அனுப்பப்பட்ட சிலருக்குக் காசக்கிருமி இல்லை என்பதையும், இரத்தத்தில் ஈஸினோபில் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் அளவுக்கு மிஞ்சியிருப்பதையும் கண்டனர். 1940-ஆம் ஆண்டில் ‘காசநோய் போன்று தோன்றும் ஒரு நிலை’ என்ற கருத்தில் அதனை வெளியிட்டனர். 1943-இல் வைன்கார்ட்டன் என்பவர் அதற்கு வெப்பநாட்டு ஈஸினோபீலியா என்று பெயரிட்டார். ‘ஈசனோபீலியா’ என்று நம் ஊர்களில் இன்றும் வழங்கும் சொல் இதுவே.

காரணம் யாதென்பது மேலும் சில ஆண்டுகள் புலப்படவில்லை. 1960-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவர், இந்நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணக்கணு ஆகியவற்றிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளில் நுண்புழுக்கள் சிக்குண்டிருப்பதைக் கண்டு அறிவித்தனர். யானைக்கால் இனப் புழுவே இதற்குக் காரணம் என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. இவ்வகை நோயாளியின் உடல், நுண்புழுவை இரத்தத்தில் உலவவிடுவதில்லை. அதை எதிர்த்து நுரையீரலில் பிடித்து அழிக்கிறது. அந்தப் போராட்டத்தின் விளைவே இருமலும் இரைப்பும் எக்ஸ்ரே புள்ளிகளும். இதனாலேயே இரவில் எடுத்த இரத்தத்திலும் இவர்களிடம் புழு அகப்படுவதில்லை. கால் வீக்கமும் காணப்படுவதில்லை.

இதற்கு மருந்து உண்டு. யானைக்கால் தடுப்புக்கு வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையையே, உடல் எடைக்கேற்ற அளவில் மூன்று வாரம் மருத்துவர் கொடுப்பர். பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே இருமல் அடங்குகிறது. ஆனால் அத்துடன் நிறுத்திவிடலாகாது. சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தின் அறிஞர்கள் அமெரிக்க அறிஞர்களுடன் சேர்ந்து செய்து 1990-இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று வார மருந்துக்குப் பின்னரும் சிலருடைய நுரையீரலில் அழற்சி தங்கிவிடுகிறது என்று காட்டியது. கவனியாது விட்டால் நுரையீரல் தழும்பேறி, மூச்சின் அளவு நிலையாகக் குறைந்துவிடக் கூடும். ஆகவே, சுகமாகிவிட்டது என்று எண்ணியவரும் மருத்துவர் குறித்த நாளில் மீண்டும் சென்று காட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

நிழலை மட்டும் நம்பலாகாது

இதைப் படிக்கும் எவரும், ‘எக்ஸ்ரேயில் புள்ளி தெரிந்தால் காசநோய் அன்று, ஈசனோபீலியாதான்’ என்று முடிவு செய்துவிடுதல் பெருந்தவறாகும். நம் நாட்டில் காசநோய் இன்னும் பெருமளவில் இருக்கிறது. ஈசனோபீலியா அதனினும் மிக அரிது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் தேடவேண்டியது காசக்கிருமியையே. காசநோய்க்கு ஆறு மாத மருந்து உண்பவர் எவரும், மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தலாகாது.

எக்ஸ்ரே படம் பயனற்றது என்றும் எண்ணலாகாது. 2019 முதல் 2021 வரை இந்திய நாடெங்கும் நடத்தப்பட்ட காசநோய்க் கணக்கெடுப்பில், சளிச்சோதனையால் நோய் உறுதியானவர்களுள் நூற்றுக்கு 42-க்கும் மேற்பட்டவர்கள், எக்ஸ்ரே எடுக்கப்படாதிருந்தால் கண்ணுக்குத் தப்பியிருப்பர் என்று தெரிந்தது. வெளியில் அறிகுறி இல்லாதபோதும் படம் நோயைச் சுட்டிக்காட்டியது. பின்னர் சளிச்சோதனை அதை உறுதிப்படுத்தியது. படமும் சோதனையும் சேர்ந்தே பயன் தந்தன என்பதை இங்குக் கவனிக்கவேண்டும்.

படம் மட்டும் தனித்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் அறிஞர்கள் சோதித்துள்ளனர். 1947-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மார்பு எக்ஸ்ரே படங்களை ஐந்து வல்லுநர்கள் தனித்தனியே பார்த்து முடிவு கூறினர். ஒருவர் நோய் என்றதை மற்றவர் நோயில்லை என்றனர். சில காலம் கழித்து அதே படங்களை அவர்களிடமே கொடுத்தபோது, தாம் முன்பு கூறியதற்கு மாறாகவும் கூறினர். பயிற்சி மிக்கவர்களுக்கே இந்த நிலை என்றால், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் யாரோ சொல்வதை நம்புவது எத்துணைப் பேதைமை என்பது கூறாமலே விளங்கும். கணினியே படத்தைப் பார்த்து ஐயம் தெரிவிக்கும் முறை இப்பொழுது வந்திருக்கிறது. அதுவும் ஐயத்தைத்தான் கூறுகிறது. நோயை உறுதிப்படுத்தும் பொறுப்பு சோதனைக்கே உரியது.

காசம் என்று கருதப்பட்டதெல்லாம் காசமா என்ற கேள்விக்கு நம் கும்பகோணத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. அந்நகரில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் 1917-இல் இங்கிலாந்தில் நோயுற்றபோது, மருத்துவர்கள் பெரும்பாலும் அதைக் காசநோய் என்றே கருதினர். அவர் 1920-இல் தமது 32-ஆம் வயதில் காலமானார். 1994-இல் யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கக் கூடும் என்று எழுதினார். அக்கருத்து சரியாயின், அது சிகிச்சைக்கு இடமுள்ள நோயாகும். இத்துணை ஆண்டுகளுக்குப் பின் எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் நோயின் பெயரைத் தீர விசாரித்துத் துணிவதில் ஓர் உயிரே அடங்கியிருக்கலாம் என்பது தெளிவு.

இன்று அத்தகைய விசாரணை நம் ஊருக்கு எட்டாததன்று. சளியில் காசக்கிருமியின் மரபுப்பொருளையே கண்டுபிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் ஆகிய சோதனைகள் அரசு நிலையங்களில் செய்யப்படுகின்றன. ஈஸினோபில் எண்ணிக்கையோ ஒரு சொட்டு இரத்தத்தில் தெரிந்துவிடும் எளிய கணக்காகும். அந்த எண்ணிக்கை, நலமாயுள்ள ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500-க்கு மேற்படாது. இந்நோயில் பெரும்பாலும் 3,000-ஐத் தாண்டுகிறது. வயிற்றுப் பூச்சி முதலிய வேறு காரணங்களாலும் எண்ணிக்கை ஏறக்கூடும். ஆகவே எக்ஸ்ரே, சளி, இரத்தம் ஆகிய மூன்றையும் ஒன்றுசேர்த்துப் பார்த்து மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

பால்போன்ற சிறுநீர்

இனி, சிறுநீரின் பக்கம் வருவோம். நாம் உண்ணும் கொழுப்பின் பெரும்பகுதி, குடலிலிருந்து நிணநீர்க் குழாய்கள் வழியாகவே இரத்தத்தைச் சேர்கிறது. கொழுப்பு கலந்த அந்த நிணநீர் பால்போல் வெளுத்திருக்கும். புழுக்களால் இக்குழாய்கள் சேதமுற்று அடைபடுமானால், வாய்க்காலில் அடைப்பு ஏற்பட்டதும் நீர் பின்வாங்கிக் கரை உடைத்துக்கொள்வதுபோல், நிணநீர் பின்வாங்கிச் சிறுநீரகத்திற்குள் உடைத்துக்கொள்ளும். அப்பொழுது சிறுநீர் வெண்மையாக இறங்குகிறது. நெய்யும் எண்ணெயும் மிகுந்த விருந்துண்ட மறுநாள் வெண்மை மிகுதியாகத் தோன்றும். சில வேளை கட்டி கட்டியாக உறைந்து சிறுநீரைத் தடுப்பதும் உண்டு; இரத்தம் கலந்து வருவதும் உண்டு. உடலுக்குச் சேரவேண்டிய புரதமும் கொழுப்பும் வீணாவதால் நோயாளி மெலிகிறார்.

கால்வீக்கத்தையும் ஓதத்தையும் நோக்க இது அரிதே. ஆயினும் வந்தவர்கள் பெரும்பாலும் அதை வெளியே சொல்வதில்லை. ஒழுக்கக் கேட்டால் வரும் நோய் என்று பிறர் எண்ணுவரோ என்று அஞ்சுகின்றனர். இந்த நோய்க்கும் ஒழுக்கத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கொசு கடித்தவர் எவருக்கும் வரக்கூடியதே இது.

இதைக் கண்டறியும் முதற்படி மிக எளியது. வெண்சிறுநீருடன் ஈதர் என்னும் திரவத்தைச் சேர்த்துக் குலுக்கினால், கொழுப்பு கரைந்து சிறுநீர் தெளிகிறது. சீழால் கலங்கிய சிறுநீர் அவ்வாறு தெளிவதில்லை. அடுத்து, கசிவு எந்தச் சிறுநீரகத்திலிருந்து வருகிறது என்று தெரியவேண்டும். கொழுப்புணவு கொடுத்தபின் சிறுநீர்ப்பைக்குள் விளக்கோடு கூடிய நுண்குழாயைச் செலுத்திப் பார்த்தால், வலப்புறத் துளையிலிருந்தோ இடப்புறத் துளையிலிருந்தோ பால்போல் இறங்குவது நேரிலேயே தெரியும். லண்டனில் கின்மன்த் என்னும் அறுவை மருத்துவர் 1952-இல் வேறொரு வழி வகுத்தார். பாதத்திலுள்ள மயிரிழை போன்ற நிணநீர்க் குழாயைச் சாயமிட்டுக் கண்டு, அதில் எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்தை மெல்லச் செலுத்திப் படம் எடுப்பது அம்முறை. அப்படத்தில், முறுக்கி வீங்கிய நிணநீர்க் குழாய்களும், அவை சிறுநீரகத்தோடு கலக்கும் இடமும் கொடிபோல் வரைந்து காட்டப்படும்.

பலருக்குக் கொழுப்புக் குறைந்த உணவும், ஓய்வும், மருத்துவர் தரும் மாத்திரையும் போதுமானவை. அடங்காதவர்களுக்குக் கசிவை அடைக்கும் மருந்தைக் குழாய் வழியே செலுத்துவதும், அறுவைச் சிகிச்சையும் உண்டு.

இங்கும் காசநோயை மறத்தலாகாது. நுரையீரலில் தங்கிய காசக்கிருமி இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தையும் சென்றடைந்து, பல ஆண்டுகள் ஒளிந்திருந்து வெளிப்படும். அத்தகையவரின் சிறுநீரில் சீழணு இருக்கும். ஆனால் வழக்கமான முறையில் வளர்த்துப் பார்த்தால் கிருமி எதுவும் தோன்றாது. சிறுநீர் எரிச்சலுக்கு மீண்டும் மீண்டும் மருந்துண்டும் குணமாகாதவருக்குக் காசக்கிருமியைத் தனியே தேடிச் சிறுநீரைச் சோதித்தல் வேண்டும். 1929-இல் பெர்லின் நகரில் மோசஸ் சுவிக் என்பவர், இரத்தக்குழாயில் செலுத்தியவுடன் சிறுநீரில் இறங்கி எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைப் பயன்படுத்திக் காட்டினார். சிறுநீரகம், அதிலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் உள்வடிவம் முழுவதையும் அதன்பின் எளிதில் படமெடுக்க முடிந்தது. காசத்தால் அரிக்கப்பட்ட சிறுநீரகமும், சுருங்கிய குழாயும் அவ்வாறு வெளிப்பட்டன. இன்று அப்பணியைப் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் செய்கிறது.

வெண்மையாயினும், சிவப்பாயினும், ஓயாத எரிச்சலாயினும், சிறுநீரில் மாறுதல் கண்டவர் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதே இதன் சாரம்.

ஒலியால் கண்ட புழு

எக்ஸ்ரே காட்டாத ஒன்றை ஒலி காட்டியது. மக்கள் ஸ்கேன் என்று வழங்கும் அல்ட்ரா சவுண்ட் கருவி, காதுக்குக் கேளாத ஒலியை உடலுள் அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டு படம் வரைகிறது. ஆழ்கிணற்றருகே நின்று குரல் கொடுத்தால் எதிரொலி வருவதைப் போன்றதே இதுவும். இதில் எக்ஸ் கதிர் இல்லை. ஆகவே அக்கதிரால் வரும் தீங்கும் இல்லை.

1994-இல் பிரேசிலின் ரெசிபி நகர ஆய்வாளர்கள், புழுவைச் சுமந்த ஆண்களின் விரைப்பகுதியை இக்கருவியால் பார்த்தபோது, விரிந்த நிணநீர்க் குழாய்க்குள் உயிருள்ள புழுக்கள் ஓயாமல் நெளிந்து துள்ளுவதைத் திரையில் கண்டனர். மருத்துவர்கள் அதற்குப் புழு நடனம் என்றே பெயரிட்டனர். 1997-இல் சென்னை ஆய்வாளர்கள், வெளியில் யாதொரு நோய்க்குறியும் இல்லாதவர்களிடமும் இதனால் புழுவைக் கண்டறியலாம் என்று அறிவித்தனர். கால் வீங்கியபின் நோயை அறிவது வெள்ளம் வந்தபின் கரை கட்டுவது போன்றது. வீங்குமுன்பே நிணநீர்க் குழாய்கள் விரிந்து கெடத் தொடங்கிவிடுகின்றன என்பதை இக்கருவி கண்முன் காட்டிற்று. நலமாகத்தானே இருக்கிறேன், எனக்கு எதற்கு மாத்திரை என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேறில்லை.

ஊராட்சி செய்யத்தக்கவை

இந்திய அரசு 1955-இல் தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1996-இல் கடலூர்ப் பகுதியில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. 2004 முதல் நாட்டின் நோய்ப்பகுதிகள் அனைத்திற்கும் அம்முறை விரிந்தது. இதனால் நோய் பெரிதும் தணிந்து, தமிழகத்தின் பல மாவட்டங்களில் மாத்திரை வழங்குதல் நிறுத்தப்பட்டது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நோய் அரிதாகும்போது அதன் நினைவும் அரிதாகிவிடும். முன்பு இரவு இருமலைக் கேட்டதும் ஈசனோபீலியாவை நினைத்தவர்கள் குறைந்துவருவர். ஆகவே கீழ்க்காணும் செயல்களில் ஊராட்சிகள் கருத்தூன்றுதல் வேண்டும்.

முதலாவது, இருமலைக் கணக்கிடுதல். இரண்டு வாரத்திற்கு மேல் இருமுபவர், காசநோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவர், சர்க்கரை நோயாளர், புகைப்பவர், எடை குறைந்தவர் ஆகியோரின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரின் துணையோடு தயாரிக்கலாம். எக்ஸ்ரே வண்டி ஊருக்கு வரும் நாளைத் தண்டோரா, ஒலிபெருக்கி முதலியவற்றால் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். நடவு, அறுவடை நாட்களில் கூலியை இழந்து எவரும் வரமாட்டார். ஆகவே வேலை குறைந்த நாளையோ மாலை வேளையையோ கேட்டுப் பெறுதல் நன்று.

இரண்டாவது, படத்தோடு நிற்காமை. நிழல் தெரிகிறது என்று கூறப்பட்டவருக்குச் சளிச்சோதனை நடந்ததா, சளியில் கிருமி இல்லையெனில் இரத்த அணுக் கணக்கு எடுக்கப்பட்டதா என்பதை உறுப்பினர் ஒருவர் விசாரித்துத் தொடரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடிவு தெரியாதவரை, 1959-இல் தொடங்கப்பெற்ற தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, 2010-இல் தொடங்கப்பெற்ற திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் மருத்துவமனைகளுள் அண்மையிலுள்ளதற்கு அனுப்பிவைக்கலாம்.

மூன்றாவது, படத்தையும் சீட்டையும் பாதுகாத்தல். ஆறு மாதத்திற்கு முன் எடுத்த படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட்டால், நிழல் வளர்கிறதா, மறைகிறதா என்பது விளங்கும். புதிய படம் ஒன்றினும் அந்த ஒப்பீடே மருத்துவருக்கு அதிகம் சொல்லும். படங்களை மடிக்காமலும் நனையாமலும் உறையிலிட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லவேண்டும். எந்த ஊரில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தோம் என்பதையும் மருத்துவரிடம் கூறவேண்டும். திருப்பூரிலோ, வெளிநாட்டிலோ வேலை செய்யும் தஞ்சை இளைஞருக்கு இது மிகவும் இன்றியமையாதது. அங்குள்ள மருத்துவருக்கு நம் பகுதியின் யானைக்கால் நோய் நினைவுக்கு வராமற்போகலாம்.

நான்காவது, அச்சத்தையும் அலட்சியத்தையும் ஒருங்கே நீக்குதல். மார்பு எக்ஸ்ரே ஒன்றினால் உடலில் படும் கதிர் மிகச் சொற்பமே. கருவுற்ற பெண்கள் மட்டும் அதை முன்னதாகவே தெரிவித்துவிடவேண்டும். டி.இ.சி. மாத்திரையைக் கருவுற்றவர்களுக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கடும் நோயுற்றவர்களுக்கும் கொடுப்பதில்லை. எந்த மாத்திரையையும் தாமாகவே கடையில் வாங்கி உண்பது தீமையாக முடியும்.

ஐந்தாவது, யாவற்றினும் முதன்மையானது, கழிவுநீரைத் தேங்கவிடாமை. முட்டை கொசுவாக மாறச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பிடிக்கும். வாரம் ஒருமுறை சாக்கடையை வாரி ஓடவிட்டால் அத்தலைமுறைக் கொசு முழுவதும் அழிகிறது. ஒவ்வொரு வீட்டிற்கும் உறிஞ்சுகுழி, மலத்தொட்டியின் காற்றுக்குழாய்க்கு வலை, தொட்டி மூடியின் இடுக்குகளுக்குப் பூச்சு ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. கிராம சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானமும், அதை நிறைவேற்றும் மனமும் போதும்.

எக்ஸ்ரே கருவியும் ஸ்கேன் கருவியும் நோயை நமக்குச் சுட்டிக்காட்டும். நோயை நீக்குபவை சரியான மருந்தும் நம் முயற்சியுமே. ஊரில் ஓர் இளைஞர் இரவெல்லாம் இருமுகிறார் என்றால், ‘காசம்’ என்று ஒதுக்குவதும் தவறு, ‘ஈளைதானே’ என்று விட்டுவிடுவதும் தவறு. அவரைப் படமெடுக்கச் செய்து, சளியையும் இரத்தத்தையும் சோதிக்கச் செய்து, நோயின் பெயரை உறுதியாக அறிந்து, அதற்குரிய மருந்தை முடியும்வரை உண்ணச் செய்வதே ஊராட்சி அவருக்குச் செய்யும் கடமையாகும். அவ்வாறு ஒருவர் குணமடைந்து மண்வெட்டியைத் தோளில் ஏந்தி மீண்டும் விடியலில் மடை திருப்பச் சென்றாரானால், அவர் குடும்பம் மட்டுமன்று, ஊரே பயன்பெறும்.